ஆறு கதைகளும் நின்ற இடம்

கேள்வி: ஏழு ஆண்டுகளாகக் கதை எழுதிப் பார்க்கிறேன். முதலில் ஒரு பேய்க்கதை தொடங்கினேன். பிறகு துப்பறியும் கதை, காதல் கதை, விண்வெளியில் நடக்கும் அறிவியல் புனைகதை, சரித்திரக் கதை, கடைசியாக ஒரு குடும்பக் கதை. ஒன்றையும் முடிக்கவில்லை. ஒவ்வொன்றும் முப்பது பக்கத்தை எட்டுவதற்குள் 'இது எனக்கான வகை இல்லை' என்று தோன்றிவிடுகிறது. எழுதுகிற நண்பர்கள், 'ஒரே வகையைப் பிடித்துக்கொள், அப்போதுதான் பெயர் நிற்கும்' என்கிறார்கள். எனக்கான வகை எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆறு கதைகளையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நேரம் இருந்தால் பாருங்கள். (பெயர் வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

ஆறு கதைகளையும் இரண்டு முறை படித்தேன். முதல் முறை வெறும் வாசகனாக. இரண்டாம் முறை பென்சிலும் கையுமாக, ஒவ்வொரு கதையும் எந்த வரியோடு நின்றுபோயிருக்கிறது என்று குறித்துக்கொண்டே போனேன். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிறருடைய கைப்பிரதிகளைச் செம்மை செய்வதுதான் என் தொழில். முடிந்த கதையைவிட முடியாத கதை, தன்னை எழுதியவரைப் பற்றி அதிகம் சொல்லும் என்பதை இந்தத் தொழிலில்தான் தெரிந்துகொண்டேன்.

உங்கள் பேய்க்கதை, மாடி அறைக்குள் இருப்பது என்ன என்று தங்கை அக்காவிடம் நேருக்கு நேர் கேட்கும் வரியில் நிற்கிறது. துப்பறியும் கதை, ஆய்வாளர் எல்லோரையும் இரண்டாவது முறை விசாரிக்க உட்காரும் இடத்தில். காதல் கதை, இருவருக்கும் முதல் மனக்கசப்பு வரப்போகும் மாலையில். விண்வெளிக் கதை, கலத்தில் காற்று குறைந்துகொண்டே வருகிறது என்று தெரிந்த மறுகணத்தில். சரித்திரக் கதை, தூதன் அரண்மனை வாயிலை அடைந்ததும். குடும்பக் கதை, 'அப்பாவுக்கு எல்லாம் தெரியும்' என்று மூத்த மகன் சொல்லும் வரியில்.

இந்த ஆறு வரிகளையும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். நான் எழுதிப் பார்த்தேன். ஆறும் ஒரே இடம். அதுவரை கதை வாசகரிடம் கடன் வாங்கிக்கொண்டே வந்திருக்கிறது. அந்த வரியிலிருந்து அதைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்க வேண்டும். அந்த இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் பேனாவை மூடிவைத்திருக்கிறீர்கள்.

குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. எல்லா வகையிலும் தொடக்கம் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒருவர் வருகிறார், ஏதோ ஒன்று சரியில்லை, ஒரு கேள்வி எழுகிறது. இதை நீங்கள் நன்றாகவே எழுதுகிறீர்கள். ஆனால் ஒரு வகை இன்னொரு வகையிலிருந்து உண்மையில் பிரிவது நடுப்பகுதியில்தான். துப்பறியும் கதை துப்பறியும் கதையாவதும் காதல் கதை காதல் கதையாவதும் அங்கேதான். ஆறு வகைகளை முயன்று பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். என் கணக்கில் ஒரு வகையைக்கூட நீங்கள் இன்னும் முயன்று பார்க்கவில்லை. ஆறு வீடுகளின் வாசற்படியில் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறீர்கள். ஆகவே 'இது எனக்கான வகை இல்லை' என்ற தீர்ப்பை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அதைச் சொல்வதற்குப் போதிய சாட்சியம் உங்களிடம் இன்னும் சேரவில்லை.

வகை என்றதும் பலரும் கதையில் வரும் பொருள்களை நினைத்துக்கொள்கிறார்கள். பேய் வந்தால் பேய்க்கதை, விண்கலம் வந்தால் அறிவியல் புனைகதை, அரசன் வந்தால் சரித்திரக் கதை என்று. புத்தகக் கடையில் அடுக்கிவைக்க அந்தக் கணக்கு போதும். எழுதுகிறவருக்குப் போதாது. எழுதுகிறவருக்கு வகை என்பது, வாசகரின் மனத்தில் எந்த உணர்வை எழுப்பப் போகிறேன் என்று முதல் பக்கத்திலேயே கொடுக்கும் வாக்கு. இதைப் புரிந்துகொள்ளத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைவிட நல்ல வழிகாட்டி எனக்குக் கிடைத்ததில்லை. அது செய்யுளுக்குச் சொன்னதுதான். கதை வகைகளைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. ஆனாலும் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு உணர்வுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்காகப் பிரித்துக் காட்டுகிறது. கதை எழுதுகிறவருக்கு வேண்டியது அந்த இரண்டாம் பகுதிதான்.

அச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அணங்கு, விலங்கு, கள்வர், இறை. அச்சம் இந்த நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது அந்த நூல். கண்ணுக்குத் தெரியாத சக்தி, உடலைக் கிழிக்கக்கூடிய மிருகம், மறைந்திருந்து தாக்கும் மனிதன். நான்காவதாக, நம்மைத் தண்டிக்கும் அதிகாரம் உள்ளவர். இந்த நான்காவதை அச்சத்தின் பட்டியலில் சேர்த்த நுட்பத்தை நினைத்து நான் பல முறை வியந்திருக்கிறேன். இப்போது உங்கள் பேய்க்கதைக்கு வருவோம். மாடி அறையிலிருந்து வரும் ஓசை, தானாக அசையும் திரை, அணைந்து அணைந்து எரியும் விளக்கு என்று அணங்கை நம்பியே 28 பக்கங்கள் எழுதியிருக்கிறீர்கள். அவற்றில் எதுவும் என்னைப் பயமுறுத்தவில்லை. பயமுறுத்தியது பதினோராம் பக்கம். தந்தை படிக்கட்டின் கீழே நின்றுகொண்டு, குரலை உயர்த்தாமல், "மாடியில் உனக்கு என்ன வேலை?" என்று கேட்கிறார். அந்தப் பெண் பதில் சொல்லாமல் ஒவ்வொரு படியாக இறங்கி வருகிறாள். படிகளை எண்ணுகிறாள். ஒன்பது படிகள். எனக்குக் கை சில்லிட்டது. அது இறை தரும் அச்சம். அது உங்களுக்கு இயல்பாக வருகிறது. நீங்களோ கவனிக்காமல் திரையை அசைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

விண்வெளிக் கதையிலும் இதே நிலைதான். அறிவியல் புனைகதை கொடுக்கும் வாக்கு மருட்கை, அதாவது வியப்பு. அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கிலிருந்து பிறக்கும். காணாததைக் காண்பது, மிகப் பெரியதைக் காண்பது, மிக நுண்ணியதைக் காண்பது, ஒன்று இன்னொன்றாக மாறுவதைக் காண்பது. உங்கள் கலம் மிகப் பெரியது. அதன் நீள அகலங்களை நான்கு பக்கம் விவரிக்கிறீர்கள். பெருமை என்ற ஒரே கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறீர்கள். காற்று குறையத் தொடங்கியதும் அந்தப் பயணிகள் ஒருவருக்கொருவர் என்னவாக மாறப்போகிறார்கள் என்பதுதான் ஆக்கம். கதை அங்கே தொடங்க இருந்தது.

மற்ற வகைகளைப் பற்றி நீளமாகச் சொல்ல மாட்டேன். துப்பறியும் கதையின் வாக்கு நேர்மை. 1929-இல் பாதிரியாரும் துப்பறியும் கதை ஆசிரியருமான ரொனால்ட் நாக்ஸ் இந்த வகைக்குப் பத்து விதிகள் எழுதினார். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே வந்துவிட வேண்டும், துப்பறிபவர் கண்ட தடயம் வாசகருக்கும் உடனே காட்டப்பட வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை. சில விதிகள் இன்று பழையவையாகிவிட்டன. இந்த இரண்டும் ஆகவில்லை. உங்கள் ஆய்வாளர் இரண்டாவது விசாரணைக்கு உட்கார்ந்ததும் நீங்கள் நின்றுவிட்டதற்குக் காரணம், கொலை செய்தது யார் என்று உங்களுக்கே தெரியாது என்பது என் ஊகம். தெரிந்திருந்தால், முதல் விசாரணையில் ஒருவராவது பிற்பாடு பிடிபடக்கூடிய ஒரு பொய் சொல்லியிருப்பார். ஒருவரும் சொல்லவில்லை. இதற்கு மருந்து எளியது. கதையைத் தொடுவதற்கு முன், கொலை செய்தவரின் அன்றைய நாளை மணி வாரியாக ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அது கதையில் வராது. மேசையில் உங்கள் பக்கத்தில் இருக்கும்.

காதல் கதையில் இருவரையும் பிரிப்பது வெளியிலிருந்து வரும் தடையாக மட்டும் இருந்தால் நடுப்பகுதி வற்றிவிடும். அவளுக்குள் ஒரு தடை, அவனுக்குள் ஒரு தடை இருக்க வேண்டும். சரித்திரக் கதையில் நீங்கள் சிக்கியது தரவுகளில். அரண்மனை வாயில் எப்படி இருந்திருக்கும் என்று தேடப் போனவர் திரும்பி வரவேயில்லை. அந்தக் காட்சியில் தூதனுக்கு என்ன நடக்கிறது என்பதை முதலில் எழுதிவிடுங்கள். எழுதி முடித்த பிறகு, அந்த வாயிலைப் பற்றி உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது இரண்டு மூன்று செய்திகள்தான் என்று தெரியவரும். அவற்றை மட்டும் தேடுங்கள்.

இனி, நீங்கள் கேட்ட கேள்வி. எனக்கான வகை எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு நான் எப்போதும் கொடுக்கும் ஒரு பயிற்சி இருக்கிறது. ஒரே நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, அதையே வேறு வேறு வகையில் அரைப் பக்கம் எழுதிப் பார்ப்பது. நான் எழுதியவற்றிலிருந்து மூன்றை இங்கே தருகிறேன். நிகழ்ச்சி இதுதான்: தந்தை இறந்து ஒரு மாதம் ஆகிறது. மகள் அவருடைய அலமாரியைத் திறக்கிறாள். உள்ளே, அந்த வீட்டின் எந்தப் பூட்டுக்கும் பொருந்தாத ஒரு சாவி.

துப்பறியும் கதையாக:

"சாவியை விளக்கின் கீழே பிடித்தாள். பித்தளை. தலைப்பகுதியில் 41 என்று பொறித்திருந்தது. 4 தேய்ந்திருந்தது, 1 தேயவில்லை. ஒரே கட்டைவிரல் ஒரே இடத்தில் பலநூறு முறை அழுத்தியிருக்கிறது. அப்பாவோ கடைசி ஏழு ஆண்டுகள் வீட்டைவிட்டு வெளியே போனதில்லை."

திகில் கதையாக:

"சாவி சூடாக இருந்தது. யாரோ உள்ளங்கையில் வெகுநேரம் வைத்திருந்து இப்போதுதான் இறக்கிவைத்ததைப் போல. அவள் அதை விட்டுவிட்டு அலமாரியை மூடினாள். பூட்டும்போதுதான் நினைவுக்கு வந்தது. இந்த ஒரு மாதமும் அலமாரியின் சாவி அவள் கழுத்துச் சங்கிலியில்தான் இருந்தது."

குடும்பக் கதையாக:

"'இது எதன் சாவி?' என்று கேட்டாள். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. மடித்துவைத்த சட்டையை மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள். 'எந்தச் சாவி?' என்றாள்."

மூன்றிலும் சாவி ஒன்றுதான். எழுதுகிறவரின் கவனம் எங்கே போகிறது என்பது மட்டும் மாறியிருக்கிறது. முதலாவதில் கண் பொருளின் மேல் குனிகிறது. ஒவ்வொரு வாக்கியமும் வாசகரின் கையில் ஒரு செய்தியை வைக்கிறது. கடைசி வாக்கியம் அதுவரை கொடுத்த செய்திகளோடு மோதுகிறது. இரண்டாவதில் செய்தி குறைவு, உடல் அதிகம். மூன்றாவதில் சாவியை யாரும் பார்ப்பதுகூட இல்லை. சட்டையை மடிக்கும் கைகளைத்தான் பார்க்கிறோம். இதையே அறிவியல் புனைகதையாக எழுதினால், நேற்று நான்கு பற்கள் இருந்த சாவியில் இன்று ஐந்து பற்கள் இருக்கும்; அதற்கு ஒரு விதி இருக்கும்; அந்த விதிக்கு யாராவது விலை கொடுக்க வேண்டியிருக்கும். காதல் கதை என்றால், இந்தச் சாவியின் இணையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் வாசலில் வந்து நிற்பார்.

நீங்களும் ஒரு நிகழ்ச்சியை எடுத்து ஆறு வகையிலும் எழுதுங்கள். எது எளிதாக வந்தது என்று பார்க்காதீர்கள். எளிதாக வருவது பெரும்பாலும் நிறையப் படித்துப் பழகியதன் எதிரொலி. மறுநாள் காலையில் எதைத் திருத்த நீங்களாகவே உட்கார்ந்தீர்கள் என்று பாருங்கள். ஒரு சொல்லை மாற்றிவிட்டு, திரும்ப வந்து, அதைப் பழையபடி ஆக்கிவிட்டு, அதிலும் நிறைவில்லாமல் இருந்தது எந்தப் பக்கம்? ஒரு வகையின் ஆரம்ப இன்பம் எல்லோருக்கும் கிடைக்கும். அதன் சில்லறை வேலை யாருக்குச் சலிக்கவில்லையோ, அவருக்கு உரியது அந்த வகை. துப்பறியும் கதை எழுதுகிறவர் எட்டரை மணிக்கு யார் எந்த அறையில் இருந்தார் என்று நாள் முழுவதும் கட்டம் போட்டுக்கொண்டிருப்பார். அது உங்களுக்குத் தண்டனையாகத் தெரிந்தால் அந்த வகை வாசிப்பதற்கு உங்களுடையது. எழுதுவதற்கு வேறொன்று இருக்கிறது.

நண்பர்கள் சொன்ன 'ஒரே வகையைப் பிடித்துக்கொள்' என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் இளைஞர் ஒரு துப்பறியும் குறுநாவலோடு வந்தார். அருமையாக இருந்தது. அடுத்த ஆண்டு ஒரு சிறுவர் கதை கொண்டுவந்தார். இது வேண்டாம், துப்பறியும் கதையிலேயே நில்லுங்கள் என்று சொல்லித் திருப்பியனுப்பினேன். அதை நான் முழுதாகப் படிக்கக்கூட இல்லை. அவர் இன்னும் இரண்டு துப்பறியும் கதைகள் எழுதினார். இரண்டும் முதல் கதையின் நிழல்கள். பிறகு எழுதுவதையே நிறுத்திவிட்டார். அந்தச் சிறுவர் கதையில் இருந்த ஏதோ ஒன்று அவருக்கு அப்போது தேவைப்பட்டிருக்கிறது. அதைக் கேட்காமல் விட்டது இன்றுவரை எனக்கு உறுத்துகிறது. அதற்குப் பிறகு யாரிடமும் ஒரே வகையில் நில்லுங்கள் என்று நான் சொன்னதில்லை.

ஆர்தர் கானன் டாயிலின் கதை உங்களுக்குப் பயன்படும். 1887-இல் அவருடைய துப்பறியும் நாயகர் ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாக அச்சில் வந்தார். சில ஆண்டுகளில் நாடே அந்தப் பாத்திரத்துக்கு அடிமையானது. ஆனால் டாயில் தன்னுடைய சிறந்த எழுத்து என்று நம்பியது தன் சரித்திர நாவல்களை. துப்பறியும் கதைகள் தன் நேரத்தைத் தின்கின்றன என்று நினைத்து, 1893-இல் அந்த நாயகரை அருவியில் தள்ளிக் கதையை முடித்தார். வாசகர்கள் விடவில்லை. 1901-இல், அந்த மரணத்துக்கு முன்பு நடந்ததாக ஒரு தொடர் எழுதினார். 1903-இல் நாயகரையே உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார். 1912-இல் தொல்விலங்குகள் உலவும் சாகச நாவல் ஒன்றும் எழுதினார். வாசகர் எதற்காக நம்மை நினைவில் வைப்பார் என்பதும், நாம் எதை நேசித்து எழுதுகிறோம் என்பதும் ஒன்றாகவே இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. டாயில் இரண்டையும் முடித்துக் கொடுத்தார். அதனால்தான் எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய வாசகருக்கு வாய்ப்புக் கிடைத்தது.

நம் மொழியிலேயே புதுமைப்பித்தன் இருக்கிறார். 42 வயதில் மறைந்தவர். அந்தக் குறுகிய வாழ்நாளுக்குள் பேய்க்கதையின் சாயல் கொண்ட கதையும், புராணத்தைத் திருப்பி எழுதிய கதையும், கடவுளைத் தெருவில் நடக்கவிட்ட கதையும், வறுமையைச் சொன்ன யதார்த்தக் கதையும் எழுதினார். எந்தக் கதையிலும் பெயரை மறைத்துவிட்டுக் கொடுத்தாலும் அது அவருடையது என்று தெரியும். பெயர் நிற்பதற்குக் காரணம் வகை என்றால், இவர் பெயர் எப்படி நின்றது?

நண்பர்கள் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது; அதை மறைக்க விரும்பவில்லை. ஒரு வகையில் உங்கள் முதல் நூலைப் படித்தவர், இரண்டாவது நூலிலும் அதே வாக்கை எதிர்பார்ப்பார். அது நியாயமான எதிர்பார்ப்பு. பல எழுத்தாளர்கள் இதற்காகவே புனைபெயர் வைத்துக்கொண்டார்கள். துப்பறியும் நாவல்களுக்குப் பெயர்போன அகதா கிறிஸ்டி 1930 முதல் 1956 வரை, மேரி வெஸ்ட்மகாட் என்ற பெயரில், கொலையும் துப்பறிதலும் இல்லாத ஆறு நாவல்கள் எழுதினார். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் அவர்தான் என்பது பல ஆண்டுகள் வாசகர்களுக்குத் தெரியாது. ஆனால் இது நூல்கள் வெளிவந்த பிறகு எழும் பிரச்சினை. உங்களுக்கு இன்னும் வராத ஒரு நோய்க்கு இப்போதே பத்தியம் இருக்க வேண்டாம்.

வகைகளைக் கலக்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. 1816-ஆம் ஆண்டுக் கோடையில், நண்பர்களுக்குள் ஒரு போட்டிக்காகப் பேய்க்கதை எழுத உட்கார்ந்தார் மேரி ஷெல்லி. அப்போது அவருக்கு வயது 18. எழுதி 1818-இல் வெளிவந்தது, இன்று பலர் அறிவியல் புனைகதையின் தொடக்கம் என்று சொல்லும் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவல். அந்த வகைக்கென்று தனி இதழ் ஒன்று வருவதற்கு 1926 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கலப்பதில் ஒரே ஒரு கவனம் வேண்டும். முதல் பக்கத்தில் எந்த உணர்வுக்கு வாக்குக் கொடுத்தீர்களோ, கடைசிப் பக்கத்தில் அந்தக் கடனைத் தீர்த்துவிட வேண்டும். நடுவில் எத்தனை உணர்வுகள் வந்து போனாலும் வாசகர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இப்போது உங்கள் முப்பது பக்கத்துக்கு வருகிறேன். ஒரு பக்கத்துக்கு 250 சொற்கள் என்று வைத்தால் அது 7,500 சொற்கள். அறிவியல் புனைகதைக்கும் மிகுபுனைவுக்கும் தரப்படும் ஹியூகோ விருதில் சிறுகதைக்கு மேல் வரம்பு சரியாக இதே அளவுதான். அதைத் தாண்டினால் 17,500 வரை நெடுங்கதை, 40,000 வரை குறுநாவல், அதற்கும் மேல் நாவல். அதாவது ஒரு முழுச் சிறுகதை தொடங்கி, வளர்ந்து, முடிந்திருக்கக்கூடிய இடத்தை, ஆறு முறையும் வெறும் தொடக்கத்துக்குச் செலவிட்டிருக்கிறீர்கள். உங்கள் மூச்சு இப்போதைக்கு இவ்வளவுதான் என்றால் அதில் குறையொன்றும் இல்லை. அந்த மூச்சுக்குள் முடியும் கதையை எழுதுங்கள். நாவலை ஒத்திவையுங்கள். ஒவ்வொரு வகையிலும் பன்னிரண்டு பக்கத்துக்குள் முடிந்துவிடும் ஒரு சிறுகதை என்று வைத்துக்கொண்டால், ஓர் ஆண்டுக்குள் ஆறு வகைகளின் நடுப்பகுதியையும் முடிவையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். 'எனக்கான வகை எது' என்று அப்போது என்னிடம் கேட்கத் தேவை இருக்காது.

படிப்பதிலும் ஒரு மாற்றம் செய்யுங்கள். நீங்கள் எழுதப்போகும் வகையில், உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு சிறுகதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே படித்ததாக இருக்கட்டும். கதையின் வேகம் இழுத்துக்கொண்டு போகாது. முதல் வாக்கு எந்த வரியில் கொடுக்கப்படுகிறது, முதல் தவணை எங்கே திருப்பிக் கொடுக்கப்படுகிறது, எந்த இடத்தில் கேள்வி மாறுகிறது என்று ஓரத்தில் குறியுங்கள். நல்ல திகில் கதைகளில் நான் அடிக்கடி கண்டது, பாதிக்கு முன்பே ஒரு பயம் உறுதிப்படுத்தப்பட்டுவிடும் என்பது. அதன் பிறகு அதைவிடப் பெரிய வேறொரு பயம் கதவைத் திறக்கும். உங்கள் கதையில் 28 பக்கம்வரை ஒரே பயத்தை ஒத்திப்போட்டுக்கொண்டு வந்ததால்தான், தங்கை கேட்ட கேள்விக்கு அக்காவால் பதில் சொல்ல முடியவில்லை.

கடைசியாக ஒன்று. அது உங்கள் கண்ணில் பட்டிருக்காது; எழுதியவர் கண்ணில் படுவதில்லை. ஆறு கதைகளிலும், வீட்டில் ஒருவர் இன்னொருவரின் நன்மைக்காக என்று நினைத்து ஒரு செய்தியை மறைக்கிறார். பேய்க்கதையில் அக்கா. துப்பறியும் கதையில் இறந்தவரின் மனைவி. காதல் கதையில் அவன், தன் நோயை. விண்கலத்தில் தலைவி, காற்றின் அளவை. சரித்திரக் கதையில் தூதன் சுமந்துவரும் ஓலையில் ஒரு வரி சுரண்டப்பட்டிருக்கிறது. குடும்பக் கதையில் எல்லோருமே. ஏழு ஆண்டுகளாக வகையை மாற்றிக்கொண்டே இருந்தீர்கள். சொல்ல வந்ததை ஒரு முறைகூட மாற்றவில்லை. ஒவ்வொரு கதையும் அந்த மறைப்பு உடையப்போகும் வரியில் நிற்கிறது என்பதையும் பாருங்கள். மறைத்தவரும் மறைக்கப்பட்டவரும் எதிரெதிரே நிற்கும் அந்தக் காட்சியை எழுத உங்களுக்குத் தயக்கமாக இருக்கிறது. ஏன் என்று நான் கேட்கப்போவதில்லை. அது எழுதுகிறவருடைய சொந்த விஷயம். நல்ல கதைகள் பெரும்பாலும் அப்படிப்பட்ட தயக்கத்துக்குப் பக்கத்திலிருந்துதான் வருகின்றன என்று மட்டும் எனக்குத் தெரியும்.

ஆகவே இந்த மாதம் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். பேய்க்கதையை எடுங்கள். அசையும் திரையையும் அணையும் விளக்கையும் வெட்டிவிடுங்கள். ஏறக்குறைய ஒன்பது பக்கம் போகும், போகட்டும். படிக்கட்டின் கீழே தந்தை நிற்கும் காட்சியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு நேராக அந்தக் கடைசி வரிக்குப் போங்கள். மாடி அறையில் இருப்பது என்ன என்று தங்கை கேட்கிறாள். அக்கா பதில் சொல்லட்டும். இரண்டு பக்கம் போதும், நன்றாக வராவிட்டாலும் பரவாயில்லை. எழுதி அனுப்புங்கள்; காத்திருக்கிறேன்.